அவர் சொல்லாத பெயர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் விடிவதற்கு முன்பே எழுந்து கஞ்சிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். தண்ணீர் கொதித்த பிறகுதான் யாருக்கு என்று யோசித்தேன். மாமா போய் மூன்று வாரம் ஆகிறது, கைக்கு இன்னும் தெரியவில்லை. வைத்ததை வீணாக்க மனமில்லாமல் நானே குடித்தேன். டாக்டர் சொன்னபடி உப்பே போடாத கஞ்சி. இதையா நான்கு வருடம் மறுபேச்சு இல்லாமல் குடித்தார்?

மூத்தவர் போன் செய்தார். என் கணவரின் அண்ணன். மாத முடிவில் பிரார்த்தனைக் கூடத்தில் மாமாவுக்கு நினைவுக் கூட்டமாம்.

"நீதானே கூடவே இருந்தே. அப்பாவைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடு, நான் படிச்சிடறேன். பக்தர், தச்சர், போர் வீரர், குடும்பத் தலைவர், எல்லாம் வரணும்."

நாலு வார்த்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்களே அத்தான், அப்புறம் நான் எதற்கு என்று வாய் வரை வந்தது. "சரி" என்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 6, வியாழன்

பகல் முழுக்கத் தூங்கினேன். எழுந்தால் இன்னும் களைப்பாக இருக்கிறது. தூக்கத்தால் தீருகிற களைப்பு இல்லை போலிருக்கிறது இது.

மார்ச் 9, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். 'அவர் ஒரு பக்தர்' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையில் மாமா இல்லை. அதில் கைகூப்பிக் கண்மூடிய யாரோ ஒரு சாது இருக்கிறார்.

மாமா கடவுளிடம் பேசியதை நேரில் கேட்டால்தான் தெரியும். வாடிக்கையாளர்களை 'நீங்க' என்பார், கடவுளை 'நீ' என்பார். காலையில் பட்டறைக் கதவைத் திறந்து, நிலைப்படியில் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று, தெருவைப் பார்த்தபடி பிரார்த்தனை. காதில் பென்சில் செருகியிருக்கும். நடுவில் யாராவது பலகையைத் தவறாகச் சாய்த்து வைத்தால், "ஒரு நிமிஷம் இரு" என்று கடவுளை நிறுத்திவிட்டு, அந்த ஆளைத் திட்டி முடித்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார். முடிவில் "சரி, பாத்துக்கோ" என்பார். மேஸ்திரி வேலை பிரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். இதை எல்லாம் கூட்டத்தில் படிக்க முடியுமா?

தச்சர் என்பதற்கு என்ன எழுதுவது? ஊரில் பாதி வீட்டுக் கதவு அவர் செய்தது என்று எழுதலாம். இந்த வீட்டு நாற்காலிகளைப் பற்றி எழுத முடியாது. எல்லாவற்றுக்கும் முதுகு செங்குத்தாக நிற்கும். சாய்ந்து உட்கார்ந்தால் சோம்பல் வருமாம். ராணுவத்தில் ஒன்பது வருடம் இருந்தவர், வீட்டையும் ஒரு முகாமாகத்தான் கட்டியிருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் தலையணை ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த நாற்காலியின் முதுகை மட்டும் இழைத்துக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பேச்சு என்பது கடவுளோடும் மரத்தோடும்தான்.

மார்ச் 12, புதன்

பெயர்களைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். எழுதித் தொலைக்கிறேன், எனக்காக.

அந்தக் காலைப் பிரார்த்தனையில் மாமா பெயர்கள் சொல்வார். முதலில் போரில் போன தோழர்களின் பெயர்கள். பார்க்காத மனிதர்கள், ஆனால் வரிசை எனக்கு மனப்பாடம். பிறகு அத்தையின் பெயர், என் கணவர் பெயர், மூத்தவர், அவர் மனைவி, கொழுந்தனார், அவர் மனைவி, பேரப்பிள்ளைகள். கடைசியில் "பாத்துக்கோ."

யார் மேல் அவருக்குக் கோபமோ அவர் பெயர் வராது. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். மூத்தவர் வெளியூரில் பயிற்சி முடித்து ஊர் திரும்பியபோது, பட்டறைக்கு வரமாட்டேன், ஆபீஸ் வேலைக்குத்தான் போவேன் என்று சண்டை போட்டாராம். மறுநாள் அவர் பெயர் இல்லை. வீம்பாக வீட்டை விட்டுக் கிளம்பினார். அவர் போன மறுநாளே பெயர் திரும்ப வந்துவிட்டது என்று அத்தை அவருக்குக் கடிதம் எழுதினாராம். 'எதிர்த்து நின்னாத்தான் அப்பா மதிப்பார்' என்று மூத்தவர் இன்றைக்கும் தன் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்.

அத்தை இருந்தவரை அவர் பெயர் வந்ததில்லை. இறந்த மறுநாளிலிருந்து வந்தது. அவருடைய பட்டியலில் சேர அத்தை சாக வேண்டியிருந்தது என்று நானும் என் கணவரும் அறைக்குள் சொல்லிச் சிரித்திருக்கிறோம். பாவச் சிரிப்பு. என் கணவர் பெயரும் வராது. அப்பாவும் மகனும் ஒரே பட்டறையில் நாள் முழுக்க அளவுக்காக முட்டிக்கொள்வார்கள், அதனால்தான் என்று வைத்துக்கொண்டோம். ஏழு வருடம் முன்னால் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் பெயரும் வர ஆரம்பித்தது.

என் பெயர் மட்டும் வரவேயில்லை.

வருடத்துக்கு இரண்டு தடவை பழக்கூடையோடு வந்துபோகிற மருமகள்களின் பெயர் வரும். நான் அவர் பின்னால் தண்ணீரோடு நிற்பேன், என் பெயர் வராது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, நான்தான் அவரைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைப்பேன். தெருவைப் பார்த்து எல்லாப் பெயரையும் சொல்வார். என் தோளில் சாய்ந்துகொண்டே சொல்வார். என் பெயர் வராது. பெயர் சொல்லி என்னைக் கூப்பிட்டதும் இல்லை. "ஏம்மா"தான். ஒருமுறை ஆஸ்பத்திரியில் நர்ஸ், கூட இருப்பவர் பெயர் என்ன என்று கேட்டபோது, "எங்க வீட்டுப் பொண்ணு" என்றார். பெயர் என்ன என்று மறுபடி கேட்டாள். "அதான் சொன்னேனே" என்றார்.

என்ன கோபம் என் மேல்? பிள்ளை பெறவில்லை என்றா? கேட்டிருக்கலாம். அவரைப் போய் யார் கேட்பது?

மார்ச் 15, சனி

மூத்தவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். என்னைப் பற்றி முடிவு எடுத்துக்கொண்டே வந்திருந்தார்கள்.

"இனிமே நீ மட்டும் எதுக்கு இங்க தனியா? கூட்டம் முடிஞ்சதும் எங்க கூட வந்துடு" என்றார் மூத்தவர்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க அம்மாவும் படுத்த படுக்கைதான் இப்ப. எனக்கும் முழங்கால் ஆபரேஷன் வருது. வெளி ஆளை வச்சா சரிப்படாது. உனக்குன்னா அனுபவம் இருக்கு."

அனுபவம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இன்னொருவரைத் தூக்கி உட்காரவைக்க முதுகில் தெம்பு இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. "யோசிக்கிறேன் அக்கா" என்றேன். அதையே அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார், எந்த அறை எனக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறை. இரவில் கூப்பிட்டால் கேட்கும்.

என் பள்ளித் தோழி திரைச்சீலை தைக்கும் கடை வைத்திருக்கிறாள், பஸ்ஸில் போனால் அரை நாள் தூரம். கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது, வா, தைக்கிற கைகள் வேண்டும் எனக்கு என்று மாமா இறந்த வாரமே சொன்னாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போக ஆசைதான். ரொம்ப ஆசை. தூக்கத்தில்கூட அந்த அறை வருகிறது, பார்க்காத அறை. பிறகு ஏன் வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை? இதற்கும் அந்தப் பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். இப்போது கிளம்பினால், இந்த வீட்டில் வேலைக்கு இருந்த ஒருத்தி வேலை முடிந்து கிளம்பின மாதிரி இருக்கும். இவள் எங்கள் வீட்டு ஆள் என்று ஒருதரமாவது காதால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். சொல்ல வேண்டியவர் போய்விட்டார். அதனால் இன்னொரு வீட்டில், இன்னொரு கட்டிலின் பக்கத்தில் நின்று காத்திருக்கப் போகிறேனா? புத்தி இருக்கிறவள் செய்கிற காரியமா?

மார்ச் 16, ஞாயிறு

தோழியிடமிருந்து போன். எடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

பட்டறையை ஒழுங்குபடுத்தக் கொழுந்தனார் வந்தார். லாரி ஓட்டுகிறவர், அதிசயமாக இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததாம். தரையெல்லாம் பழைய மரச்சீவல். இழைப்புளி, உளி, மூலைமட்டம் எல்லாம் சுவரில் அதனதன் இடத்தில் தொங்குகின்றன. மாமா படுத்து நான்கு வருடம் ஆகியும் யாரும் இடம் மாற்றத் துணியவில்லை. கொழுந்தனார் உளியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி அதே ஆணியில்தான் மாட்டினார்.

ரம்பத்தைப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. மாமாவின் இடது கையில் இரண்டு விரல் கிடையாது. பஸ்ஸில் யாராவது, போரில் போனதா ஐயா என்று மரியாதையோடு எழுந்து இடம் கொடுப்பார்கள். மாமா உட்கார்ந்து கொள்வார். உட்கார்ந்த பிறகு, "போர் விட்டு வச்சதை என் ரம்பம் எடுத்துக்கிச்சு" என்பார். எழுந்தவர் திரும்ப உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் விழிப்பார். பொய் சொல்ல வராது, இடத்தையும் விடமாட்டார்.

சிரித்து முடித்த பிறகு கொழுந்தனார் சும்மா சீவலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"நான் ஏன் அடிக்கடி வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி? ரோட்டுல இருக்கிற வரைக்கும் என் பேரைச் சொல்லுவார். அம்மா போன்ல சொல்லும், இன்னைக்கும் சொன்னார்டான்னு. ஆசையா ஓடி வருவேன். வந்து படுத்து எழுந்தா, காலையில என் பேரு இருக்காது. வந்து நின்னாலே எடுத்துடுவார். என் மூஞ்சியைப் பாத்தாலே ஆகலை போல. அப்புறம் எதுக்கு வரணும்னு விட்டுட்டேன்."

"ஒருநாள் கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டீங்களா?"

நான் துடைப்பத்தை எடுத்தேன்.

மார்ச் 26, புதன்

மூத்தவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பக்தர், தச்சர், போர் வீரர், குடும்பத் தலைவர். எல்லாம் வந்துவிட்டது. எதுவும் பொய் இல்லை. படித்துப் பார்த்தால் யாருடைய தகப்பனாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

மார்ச் 30, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. கால் விண்விண் என்று தெறிக்கிறது, ஆனால் எழுதாமல் படுக்க முடியாது.

கூடம் நிறைந்திருந்தது. மூத்தவர் நன்றாகப் படித்தார், குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தது. தேநீர் கொடுக்கும்போது ஒத்தைக்காது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாமாவோடு ராணுவத்தில் இருந்தவர், பிறகு கைக்கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவர். குண்டுச் சத்தத்தில் ஒரு காது போனது, அதனால் இந்தப் பெயர். மாமா வைத்தது. ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"எல்லாம் சொன்னான் பெரியவன். பேர் கூப்பிடறதைச் சொல்லலையே" என்றார்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. முப்பது வருடமாக அடக்கியதை இந்தக் கிழவரிடமா கேட்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டுவிட்டேன். அவருடைய நல்ல காது பக்கம் குனிந்து கேட்டேன்.

"எல்லார் பேரையும் சொல்லுவாருங்க. என் பேரை மட்டும் ஒருநாளும் சொல்லலை. என்ன கோவம்னு உங்ககிட்டயாவது சொன்னாரா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உன் பேரை எதுக்குச் சொல்லணும்? நீ பக்கத்துல தானே நின்னே."

எனக்குப் புரியவில்லை. அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். போர்முனையில் ஒரு காவல் இடம். ராத்திரி ராத்திரி சிலர் வெளியே போவார்கள், சிலர் உள்ளே இருப்பார்கள். உள்ளே இருப்பவர்களில் ஒருவர் விடியும்போது வாசலில் நின்று, வெளியே போனவர்களின் பெயரை மெதுவாகச் சொல்வார். திரும்பி வரவேண்டும் என்று. அந்த வேலை மாமாவுடையது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் பக்கத்தில் நின்றவன் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். 'நான் இங்கதானே நிக்கிறேன், என்னை எதுக்கு அனுப்பறே'ன்னு அவன் சிரித்தானாம். அன்றைக்கே அவனுக்கு வெளியே போக உத்தரவு வந்தது. திரும்பவில்லை.

"அன்னையிலேருந்து கூட நிக்கிறவன் பேரை அவன் வாயால சொல்லமாட்டான். சும்மா கூப்பிடக்கூட மாட்டான். என்னையே பார். பக்கத்துல இருந்தா ஒத்தைக்காது. லீவுல ஊருக்குப் போனா மட்டும் என் நிஜப் பேரு. வெளியே போனவனுக்குத்தாம்மா பேரு. உள்ள இருக்கிறவனை எதுக்குக் கூப்பிடணும்?"

கூடத்தில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 31, திங்கள்

கோபமாக இருக்கிறது. ஆறுதலாக இருக்க வேண்டியதுதானே? இல்லை. கோபம்தான்.

சொல்லியிருக்கலாம்ல? ஒரு வார்த்தை. ஏம்மா, இதுதான் விஷயம்னு. அத்தைகிட்டயாவது சொன்னாரா? பாவம், அவங்களும் கடைசி வரைக்கும் புருஷனுக்குத் தன் மேல என்னவோ மனத்தாங்கல்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பாங்க. ரோட்டுல ஓடிட்டு இருந்த பிள்ளை வீட்டுக்கு வர்றதையே விட்டுடுச்சு. கடவுள்கிட்ட தினம் பேசத் தெரிஞ்ச மனுஷனுக்கு வீட்டுல இருக்கிறவங்ககிட்ட பேசத் தெரியல.

இன்னொன்றும் தோன்றுகிறது. கிழவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தால்? காது கேளாதவர், மனசு இளகியவர். நான் எப்படி நம்புவது?

ஏப்ரல் 2, புதன்

துணி மடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது.

வெளியே போனவர்களின் பெயரைத்தான் சொல்வார் என்றால், என் பெயரை நான் கேட்டிருக்கவே முடியாது. அவர் சொல்கிற அன்று நான் அங்கே இருக்கமாட்டேன்.

இந்த வீட்டை விட்டு நான் எப்போது போனேன்? தங்கை வீட்டுக்குப் போவதாக எத்தனையோ தடவை கிளம்பி, கடைசியில் நின்றிருக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அப்போது கொழுந்தனாரின் மனைவி வந்து மாமாவைப் பார்த்துக்கொண்டாள்.

மடித்த துணியை அப்படியே விட்டுவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தேனே, அந்த வாரம் மாமா காலையில பேரெல்லாம் சொன்னாரா?"

"சொன்னாரேக்கா, தினமும்."

"என் பேரு?"

"உங்க பேருதான் முதல்ல. அந்த மிலிட்டரிக்காரங்களுக்கெல்லாம் முன்னாடி. ஒரு தடவை சொல்லிட்டு, கொஞ்சம் நிறுத்திட்டு, மறுபடி ஒரு தடவை சொல்லுவார். அப்புறம்தான் மத்தவங்க. ஏன்க்கா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"என் பேரைத்தான் எடுத்துட்டார்" என்று அவளே தொடர்ந்தாள். "கஞ்சி சரியா வைக்கலைன்னு கோவம்னு நினைச்சு நான்தான் ரெண்டு நாள் உம்முன்னு இருந்தேன்."

"இதை ஏன்டி நீ என்கிட்ட சொல்லலை?"

"உங்க பேரைத் தினமும் சொல்லுவார்னு நினைச்சேன்க்கா. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

நான் அழுதேன். மாமா போன அன்று அழவில்லை, செய்ய வேண்டிய காரியங்கள் இருந்தன. இன்று மடிக்காத துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, மாமனார் நினைவு வந்துவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கொழுந்தனாரிடம் சொன்னேன். எங்கோ வழியில் லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். வண்டிகள் கடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நான் வந்தப்பெல்லாம் எடுத்தாரே" என்றார்.

"நீ வீட்டுக்கு வந்துட்டதாலதான் எடுத்தார்."

"சரி அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அவர் குரல் சரியில்லை. ரோட்டில் இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதோ.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூத்தவர் வீட்டுக்கு நானே போனேன். பெயர் விஷயத்தையும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அந்தக் காது கேக்காத ஆளு சொன்னாராக்கும். அப்பாவுக்குக் கோவம்தான். எனக்குத் தெரியாதா? நான் வீட்டை விட்டுப் போயி நிமிர்ந்து நின்னேன், அதனால மதிச்சார்."

நான் வாதாடவில்லை. அந்தச் சண்டையின் மேல்தான் அவர் தன் வாழ்க்கையையே கட்டியிருக்கிறார். இந்த வயதில் போய் அதை அசைப்பானேன். ஆனால் அவர் கண் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் இருந்தது.

அக்கா எனக்காக அறையை வெள்ளையடித்து வைத்திருந்தார். புது விரிப்பு. கட்டிலில் அவர் அம்மா பாவம், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் மனது இளகப் பார்த்தது. இளகிவிடாதே, இளகிவிடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"அக்கா, நான் வரலை. என் சிநேகிதி கடைக்குத் தைக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? தனியாவா?" என்றார். பிறகு, "எங்களை எல்லாம் விட்டுட்டா?" என்றார்.

"விட்டுட்டுப் போகலைக்கா. வெளியே போறேன், அவ்வளவுதான்."

மூத்தவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "எப்ப பஸ்?" என்று கேட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

தோழிக்குப் போன் செய்தேன். அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இரண்டு இருக்கிறதாம்.

ஏப்ரல் 21, திங்கள்

நாளை கிளம்புகிறேன். கொழுந்தனார் நெடுந்தூர வண்டியை விட்டுவிட்டார். உள்ளூரிலேயே ஒரு மரக்கடைக்கு ஓட்டப் போகிறாராம். குடும்பத்தோடு இந்த வீட்டுக்கு வருகிறார்கள். "அப்பா இருந்தப்ப வராதவன் இப்ப வர்றேன்" என்றார். சாப்பாடு போட்டேன்.

இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின். சாய்த்து இழைத்த அந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று விட்டுவிட்டேன்.

மே 18, ஞாயிறு

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மற்றபடி குறை இல்லை. காலையில் யாரும் கூப்பிடுவதில்லை. முதல் சில நாள் அந்த அமைதியே என்னை எழுப்பிவிட்டது. இப்போது வெயில் முகத்தில் அடிக்கும் வரை தூங்குகிறேன். தோழி என்னைக் கும்பகர்ணி என்கிறாள்.

ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நிறையத் திரைச்சீலைகள் தைத்தோம். கழுத்து வலிக்கிறது. ஆனால் இது வேலை முடிந்தால் தீருகிற களைப்பு.

ஜூன் 12, வியாழன்

கடை திறப்பதற்கு முன்பே கொழுந்தனாரிடமிருந்து போன். இந்த நேரத்தில் என்றால் ஏதோ கெட்ட செய்திதான் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

"ஒண்ணுமில்லை அண்ணி. இன்னைக்குப் பட்டறையைத் திறந்தேன். சும்மா வாசல்ல நின்னேன். எனக்கு அப்பா மாதிரி கடவுள்கிட்ட பேசல்லாம் வராது. பேரை மட்டும் சொன்னேன். அந்த மிலிட்டரிக்காரங்க வரிசை மறந்து போச்சு, நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும்."

"சரி."

"உங்க பேரைத்தான் முதல்ல சொன்னேன்."

கீழே தோழி கடைக் கதவை மேலே தள்ளுகிற சத்தம் கேட்டது.

"அண்ணி, இருக்கீங்களா? கோவமா?"

"இல்லப்பா. ஞாயித்துக்கிழமை அங்க வர்றேன்" என்றேன். "அன்னைக்கு என் பேரைச் சொல்லாதே."